வெள்ளைச் சோறு

— தட்ட தள்ளாதய்யா. கேவுரு களி இன்னா உன்ன கடிச்சிடுமா?

— எடுத்துட்டு போ, செண்பகம். சோறு இருந்தா போடு. இல்லாட்டி பட்டினி கெடக்கறேன்.

— சோறா இல்ல? மிஷின்ல தீட்டின மல்லிப்பூ சோறு, புளித்தண்ணி, உப்பு. ரெண்டு வருசமா அதான தின்ற. உன் காலப் பாரு. வெரல வச்சு அமுக்கினா வுழுந்த குழி எழும்ப மாட்டேங்குது.

— சுண்ணாம்புக் குழியில நிக்கற காலு. வீங்கத்தான் செய்யும்.

— தோலு பதம் பண்ற ஷாப்புல குழியில நிக்கறவன் பதினெட்டு பேரு. உன் ஒருத்தன் காலுதான் ஊதிக் கெடக்குது.

— சாமிநாதா, வூட்ல இருக்கியா? நான்தான், கவுஸ் பாஷா.

— வாங்க மேஸ்திரி பாய், உக்காருங்க. இன்னா, வெள்ளிக்கெழம லீவுல எங்க தெருவுக்கு?

— ஜும்மா தொழுதுட்டு நேரா வர்றேன், தங்கச்சி. இந்தா, வூட்ல ஆட்டுக்கால் சூப்பு வச்சாங்க, ஆறாம புடி. சாமிநாதா, கேட்டுக்கோ. நேத்து ஈரத்தோலு தூக்கறப்ப ரெண்டு தபா குழியில வுழுந்த. மொதலாளி பாத்துட்டாரு. நாளைக்கு வேற ஆள எறக்குன்னுட்டாரு. தோஸ்த்தா சொல்றேன், நாப்பது நாளு இத குடி. குவ்வத் வரும், ஒடம்புல தெம்பு ஏறும். அது வரைக்கும் எதனா சொல்லி நான் தள்றேன்.

— வேணாம் பாய். கவுச்சி தொடறதில்லன்னு உங்களுக்கே தெரியும்.

— பஜனை மடத்துக்காரன் சொன்னான்னு உசுர வுடுவியா?

— மடத்துக்கு முன்னாடியே வுட்டுட்டேன் பாய். பத்து வருசம் உங்க கையிலதான தோலுல சதை சொரண்டினேன். பொழுதுக்கும் சொரண்டிட்டு வந்து, அதையே சட்டியில பாத்தா கொமட்டும். எவனும் சொல்லி வுடல. என் வாயி, நான் வுட்டேன்.

— அப்ப குழிக்கு ஆகமாட்ட. புல்லு பூண்டு தின்னுட்டு எருமத்தோலு தூக்க முடியுமா?

— எரும இன்னா பாய் தின்னுச்சு?

— நீ சும்மா இரு தங்கச்சி. நான் இவன்கிட்ட பேசறேன்.

— இருக்கமாட்டேன். நானும் இவரோட சேந்து கவுச்சி வுட்டவதான். பட்டைக் கொட்டாயில ஆவாரம்பட்ட மூட்டைய யாரு தூக்கறது? ஒரு நாளு நான் வுழுந்து பாத்திருக்கீங்களா?

— இல்ல. ஆம்பளைங்களுக்கு மேல ஜாஸ்தியாவே தூக்கற. அதுக்கு இன்னா இப்ப?

— நான் இன்னா தின்றேன்னு கேளுங்க. காலையில கேவுரு கூழு, வெங்காயம். மத்தியானம் களி, காராமணி கொழம்பு, முருங்கக்கீர. அது இல்லாத நாளு பாலாத்தங்கரையில பறிச்ச பண்ணக்கீர. மடியில ஒரு பிடி வேர்க்கடல. மோரு கெடைச்சா மோரு. உங்க சூப்பும் இல்ல, இவரு வெள்ளச் சோறும் இல்ல. ஒரே வூடு, ரெண்டு பேரும் சைவம். இவரு காலையும் பாருங்க, என் காலையும் பாருங்க.

— அரே, அப்ப இவனும் அதையே தின்னா இன்னா?

— அதான் வழக்கே. கேவுரு கீழ்சாதித் தீனியாம், காராமணி நாத்தமாம். வெள்ளச் சோறு தின்னாத்தான் மண்டபத்துக்குள்ள நின்னு பாடலாம்னு மடத்துல சொல்லிட்டாங்க. இவரும் சனிக்கெழம சனிக்கெழம உள்ள நின்னு பாடிட்டு வர்றாரு. தெருவெல்லாம் நானும் பெருமையா சொல்லிக்கினுதான் இருக்கேன். ஆனா அவங்க சோத்து மேல பருப்பு இருக்குது, நெய்யி இருக்குது, தயிரு இருக்குது, நாலு காயி இருக்குது. இவரு சோத்த மட்டும் புடிச்சிக்கிட்டாரு.

— வெள்ளையா இருந்தாத்தான்மே சுத்தம்.

— அரிசி தோல உரிச்சு, தவுட்ட நம்ப பட்ட வண்டி மாட்டுக்கு விக்கறான் மிஷின்காரன். மாடு மினுமினுன்னு இருக்குது. நீ ஊதிப் போயிருக்க. தோல உரிச்சுட்டா உள்ள கெடக்கறது செத்ததுன்னு தோல் ஷாப்பு ஆளுக்கு நான் சொல்லணுமா?

— ரெண்டு பேரும் பேஜாரு பண்ணாதீங்க. காலையில சங்கு ஊதினா குழியில ஒரு ஆளு நிக்கணும். நான் யார நிறுத்தட்டும், அத சொல்லுங்க.

— என்ன நிறுத்துங்க பாய்.

— பொம்பளய குழியில எறக்கினா ஆம்பூரே சிரிக்கும்.

— சிரிச்சுட்டு போவட்டும். ஒரு மாசம் இவரு எடத்துல நான் நிக்கறேன். களி தின்ன காலு வுழுவாது. இவரு வூட்ல குந்தி நான் போடறத தின்னட்டும். அப்பவும் வீக்கம் வடியலன்னா, உங்க சூப்ப நானே இவரு வாயில ஊத்தறேன். சொல்லிட்டேன்.

— சாமிநாதா, உன் பொஞ்சாதி எனக்கே மேஸ்திரியா வந்துட்டா. இன்னா சொல்ற?

— அவ எறங்கக் கூடாது பாய். சுண்ணாம்பு தோல அரிச்சு எடுத்துடும். மொத மாசம் நான் எழுந்து நிக்க முடியாம அழுதவன்.

— அப்ப தின்னுய்யா. நீ தின்னா நான் எதுக்கு எறங்கறேன்?

— பாய், ஒரு மாசம் என்ன பட்டைக் கொட்டாயில குந்தி செய்யற வேலையில போடுங்க. குழியில எவன வேணா நிறுத்துங்க, ஆனா ஒரு மாசந்தான்னு சொல்லி நிறுத்துங்க. திரும்பி வருவேன்.

— கூலி கம்மிடா அங்க.

— கம்மியா இருக்கட்டும். சூப்பு சட்டிய எடுத்துட்டு போங்க, கோவிச்சுக்காதீங்க. உங்க மனசு எனக்கு தெரியும். செண்பகம், தட்ட இப்டி தள்ளு. கீரைய ஏன் சட்டியிலயே வச்சிருக்க, போடு.

— சரி, மொதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். ஒரு மாசம், கேட்டுக்கோ. அதுக்கு மேல ஒரு நாளு என்னால ஆகாது. வர்றேன் தங்கச்சி.

— போய்ட்டு வாங்க பாய். யோவ், மெதுவா தின்னு, வெக்கு வெக்குனு முழுங்காத. ஆமா, நாளைக்கு சனிக்கெழமையாச்சே. களி தின்னியான்னு மண்டபத்துல கேட்டா இன்னா சொல்லுவ?

— கேக்கறதுக்கு அவங்க என்ன எப்ப உள்ள வுட்டாங்க? ரெண்டு வருசமா தெருவுல நின்னுதான் பாடிட்டு வர்றேன்.