ஐந்து இருபதுக்கு விற்ற மக்காச்சோளம்

உங்கள் ஷெரிஃப் அலுவலகக் காபி பரவாயில்லை, டெபுடி. எங்கள் கூட்டுறவுக் கிடங்கில் சோளம் வாங்கும் ராண்டி பழைய தூளிலேயே மறுபடியும் தண்ணீர் ஊற்றுவான். விலை ஏறிய வருஷத்திலும் அப்படித்தான்.

உங்கள் அப்பாவும் இந்த அயோவா மண்ணில் மக்காச்சோளம் போட்டவர்தான், அதனால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாதம் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு அரசாங்க அறிக்கை வரும். மக்காச்சோளம் எவ்வளவு விளையும், சோயா எவ்வளவு செலவாகும், கையிருப்பு என்ன மிஞ்சும் என்றெல்லாம் அதில் இருக்கும். அன்றைக்குக் கிடங்கு மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்போம். அறிக்கையை ஒருத்தரும் படிப்பதில்லை. எல்லோரும் ஹார்லன் ட்ஜேடன் முகத்தைத்தான் பார்ப்போம்.

ஹார்லன் என் பக்கத்து நிலத்துக்காரன். முப்பது வருஷமாக விலை உச்சியில் இருக்கும்போதுதான் விற்பான். நான் விற்ற மறுநாள்தான் விலை ஏறும். "வெண்டல் வித்துட்டானா? அப்ப நான் வெச்சிக்கிறேம்பா" என்பான். மேஜையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். நல்ல கேலிதான், குறை சொல்ல மாட்டேன்.

என் மனைவி மார்லிஸ், சாப்பாட்டு மேஜையில் உருளைக்கிழங்குக் கிண்ணத்தை நகர்த்திக்கொண்டே கேட்பாள்: "ஹார்லன் என்ன செய்றாராம்?" நான் என்ன செய்யப் போகிறேன் என்று முப்பது வருஷத்தில் ஒரு தடவை கேட்டதில்லை. இதைப் பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இந்த வருஷம் அவன் சறுக்கினான். "கையிருப்பு கொறையும் பாருங்க. அஞ்சு டாலர் வராம நான் சோளக் குதிரத் தொறக்க மாட்டேன்" என்று குளிர்காலத்தில் சொன்னான். வசந்தத்தில் விலை நாலுக்கும் கீழே போனது. மே மாதம் அவனுடைய தகரக் குதிரிலிருந்து சோளம் கெட்டுப் புளித்த வாடை வர ஆரம்பித்தது. நான் தினமும் வேலியோரமாக ஒரு நடை போய்வந்தேன். உடம்புக்கு நல்லது என்று மார்லிஸிடம் சொன்னேன்.

ஜூன் அறிக்கை வந்தது. மழை இல்லை, கையிருப்பு குறைவு. விலை ஐந்து டாலர் இருபது சென்ட். மேஜையில் இருந்த ஒவ்வொருவனும் எழுந்துபோய் ஹார்லன் முதுகில் தட்டினான். நானும் தட்டினேன்.

மத்தியானம் அவனே போன் செய்தான். குதிரில் சோளம் மேலே பாளம் கட்டிவிட்டதாம், இறங்கவில்லையாம். "நான் உள்ள போயி குத்தி விடுறேன். நீ வந்து சுவிட்ச் பக்கத்துல நில்லு" என்றான். உள்ளே ஆள் இறங்கும்போது, சோளத்தை வெளியே தள்ளும் மோட்டாரின் சுவிட்சை அணைத்துப் பூட்டிச் சாவியை இறங்குகிறவனே வைத்துக்கொள்ள வேண்டும். அவனும் பூட்டத்தான் செய்தான். அப்புறம் சாவியை என் கையில் கொடுத்தான்.

"சோளத்துக்குள்ள விழுந்தா கிடைக்காது. உன்கிட்ட இருக்கட்டும்."

ஏணியில் ஏறி உள்ளே இறங்கினான். கம்பியால் குத்தும் சத்தம் கேட்டது. பிறகு தகரத்துக்குள்ளிருந்து அவன் குரல் கணீரென்று வந்தது. "ஏ வெண்டல், இன்னிக்கே வித்துடச் சொல்லி மார்லிஸ்கிட்ட நானே சொல்றேன். நீ சொன்னா அவ நம்ப மாட்டா."

சிரித்தான். உண்மையைத்தான் சொன்னான்.

நான் பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டேன். அடியில் சோளம் ஓட ஆரம்பித்தால் மேலே நிற்பவன் இடுப்புவரை புதைய அதிக நேரம் ஆகாது. என் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டான். மோட்டார் ஒரு திக்கல் இல்லாமல் ஓடியது. எந்திரங்களை அவன் எப்போதும் ஒழுங்காகத்தான் வைத்திருப்பான்.

அப்புறம் மோட்டாரை நிறுத்தினேன், தீயணைப்பு ஆட்களைக் கூப்பிட்டேன். பூட்டாமலே இறங்கிவிட்டான், மோட்டாரை அணைக்க மறந்துவிட்டான் என்றேன். அவர்கள் குதிரின் தகரத்தை அறுத்துக்கொண்டிருந்தபோது, வேலியோரம் நின்று ராண்டிக்குப் போன் செய்து என் சோளம் முழுவதையும் ஐந்து இருபதுக்கு விற்றேன். முதல் தடவையாக உச்சியில்.

வீட்டுக்குப் போய் மார்லிஸிடம் விலையைச் சொன்னேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். "ஹார்லனா இருந்தா இன்னும் ஒரு நாள் பொறுத்திருப்பாரு" என்றாள்.

மறுநாள் ஐந்து அறுபது.

என் கால்சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில், இறங்கியவனிடம் இருந்திருக்க வேண்டிய அந்தச் சாவி கிடைத்ததும், அதை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்ததும் அவள்தான். என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. வழக்கம்தானே.

நீதானா செய்தாய் என்று கேட்டீர்கள். நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். வருத்தம் உண்டா என்றும் கேட்டீர்கள். உண்டு. அன்றைக்கு அவசரப்பட்டு விற்றிருக்கக் கூடாது.