ஈரச்சட்டைக்காரர் ஏன் இருமவில்லை?

அவைக்குத் தலைமை ஏற்று, என்னைப் பேச அழைத்துவிட்டு, அதற்குள் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட புத்தகம் கட்டுவோர் சங்கத்தின் தலைவர் அவர்களே! தாளைத் தடவிப் பார்த்தே அதன் வயதைச் சொல்லிவிடும் மேற்பார்வையாளர் அண்ணன் அவர்களே! என் நெஞ்சின் உள்நிலவரத்தை என்னைவிட நன்றாக அறிந்த மருத்துவர் அம்மா அவர்களே! முன்வரிசையில் முதுகு சாயாமல் வீற்றிருக்கும் பெரியோர்களே! ஊசியும் நூலும் ஏந்தி உலகத்து அறிவையெல்லாம் ஒன்றாய்த் தைத்துக் கொடுக்கும் தாய்மார்களே! சிற்றுண்டி எப்போது என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் பின்வரிசை நண்பர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் யார்? உங்களில் பலருக்கு என் முகம் தெரியாது, குரல் தெரியும். "ஏழாம் தடத்தில் நிற்கும் வண்டி இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும்" என்று பேருந்து நிலைய ஒலிபெருக்கியில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பொய் சொல்லி வருபவன் நான்தான். சிரிக்கிறீர்கள். வண்டியைத் தவறவிட்டவர்கள் மட்டும் சிரிக்கவில்லை, கவனித்தேன். அங்கே நான் எவ்வளவு அழகாகப் பேசினாலும் யாரும் கைதட்டியதில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் செய்வார்கள். உட்கார்ந்து கேட்பவர்களை இன்றுதான் பார்க்கிறேன். எனக்கு இன்னொரு தகுதியும் உண்டு. உங்கள் தையல் பிரிவில் இருபத்தோர் ஆண்டுகளாகப் பணியாற்றும் அம்மையாரின் கணவன் நான். அந்தத் தகுதிக்குத்தான் இந்த மேடை என்பதும் எனக்குத் தெரியும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நடுநடுவே நான் நிறுத்தினால், அது பேச்சாளரின் உத்தி என்று எண்ணிவிடாதீர்கள். மூச்சு வாங்குகிறேன். இளமையில் வந்த நோயொன்று என் நுரையீரலில் பாதியைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் பேருந்துகளையும் வீட்டையும் சமாளிக்கிறேன்.

அன்புடையீர், மழை வந்தால் மற்றவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். உங்கள் பட்டறையில் மட்டும் ஒரு தாளைப் பார்ப்பீர்கள். கம்பியில் மாட்டிய வெள்ளைத் தாள் அது. அதன் விளிம்பு சற்றே சுருண்டால் போதும், மேற்பார்வையாளர் அண்ணன் "மூடு" என்பார். உடனே சாளரம் மூடும், கதவு மூடும், காற்று வெளியே நிற்கும். தாள் சுருளக் கூடாது, அட்டை கோணக் கூடாது, தையல் நெகிழக் கூடாது. தாளுக்கு ஒரு தாய் உண்டென்றால் அது எங்கள் அண்ணன்தான்.

சரி, தாளுக்குத் தாய் இருக்கிறார். ஆளுக்கு?

ஆளுக்குப் பசை காயும் அறை இருந்தது. கட்டிய புத்தகங்களை அடுக்கி, வெப்பம் ஏற்றி, காற்றை வறட்டிப் பசையைக் காய வைக்கும் அறை. மழை நாளில் அதைவிட இதமான இடம் உண்டா? பத்தொன்பது பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அங்கேதான் சாப்பிட்டார்கள். வெப்பம் வெளியே போய்விடக் கூடாதென்று கதவைச் சாத்தினார்கள். யாராவது நனைந்து வந்தால் அண்ணன் பதறிப்போவார். "போ, பசை ரூமுக்குள்ள போய் உட்காரு. ஈரத்தோட நின்னா இருமல் வந்துரும்" என்று பாசத்தோடு உள்ளே அனுப்புவார். அந்தப் பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மடிப்புப் பிரிவில் ஒருவர் இருமினால், மூன்றாம் நாள் தையல் பிரிவில் நால்வர் இருமினர். அடுத்த வாரம் அட்டைப் பிரிவே படுத்தது. எல்லாரும் ஒரே குரலில் என்ன சொன்னார்கள்? "பாழாப்போன மழை" என்றார்கள்.

சென்ற ஆண்டு அந்த இருமல் என் மனைவியோடு வீட்டுக்கு வந்தது. அவருக்கு மூன்று நாள் காய்ச்சல். எனக்குப் பதினொரு நாள் மருத்துவமனையில் பிராணவாயுக் குழாய். இதோ அமர்ந்திருக்கும் மருத்துவர் அம்மா என்னிடம் ஒளிக்கவில்லை. "இன்னொரு தடவை இப்படி வந்தா என்னால உறுதி சொல்ல முடியாதுங்க" என்றார்.

வீடு திரும்பிய அன்று என் மனைவி சொன்னார்: "அடுத்த மழைக்கு முன்னாடி நான் வேலைய விட்டுடறேங்க."

"இருபத்தோரு வருஷம் பார்த்த வேலையாச்சே."

"வேலை வேற கிடைக்கும். நீங்க கிடைப்பீங்களா?"

எனக்குப் பயம். அந்தப் பயத்துக்காக அவர் தன் கைத்தொழிலை விடுகிறாரே என்று வெட்கம். அந்த இரண்டோடும்தான் பல மாதம் இருந்தேன்.

இந்த ஆண்டு, வானம் கறுக்கத் தொடங்கிய வாரத்தில், விலகல் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு அண்ணனின் மேசைக்குப் போனார். அண்ணன் இல்லை. மேசைமேல் இரண்டு பதிவேடுகள் கிடந்தன. ஒன்று அண்ணனின் ஈரப் பதிவேடு. இந்த நாள் தாள் சுருண்டது, சாளரம் மூடினோம் என்று தேதிவாரியாக எழுதியது. மற்றொன்று வருகைப் பதிவேடு. சும்மா காத்திருக்கத் தெரியாத கை அல்லவா? இரண்டையும் அருகருகே விரித்துவிட்டார். சேர்ந்தாற்போல நான்கு நாள் சாளரம் மூடிய இடமெல்லாம், அடுத்த சில நாளில் விடுப்பு வரிசையாக நின்றது. நடுவில் ஒரே ஒரு பெயருக்கு மட்டும் ஒருநாள் விடுப்பும் இல்லை.

அந்தப் பெயர், வண்டியில் கட்டுகளை ஏற்றும் நம் ஈரச்சட்டைக்காரருடையது. எழுந்து நில்லுங்கள் ஐயா, எல்லாரும் பார்க்கட்டும். பாருங்கள், இன்றைக்கும் சட்டை காயவில்லை.

அண்ணன் வந்ததும் என் மனைவி கேட்டார்: "அண்ணே, தினம் நனையறது இவர்தானே? இவரு ஏன் இருமவே இல்ல?"

"அவன் உடம்பு இரும்பும்மா."

"இரும்பா இருந்தா இந்நேரம் துருப்பிடிச்சிருக்கும். அவரு எங்க உட்கார்ந்து சாப்பிடறாரு?"

"வெளியில, ஏத்துற கொட்டகையில. பசை ரூமுக்குள்ள விட்டா புத்தகத்து மேல சொட்டுவான்னு நான்தான்…" என்று தொடங்கிய அண்ணன், அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

இருவரும் பதிவேடுகளோடு மருத்துவர் அம்மாவிடம் போனார்கள். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன். "மழை கிருமியக் கொட்டாதுங்க. நம்மள ஒரே ரூமுக்குள்ள தள்ளுது. கதவச் சாத்தினா ஒருத்தர் விட்ட மூச்சத்தான் அடுத்தவர் இழுக்கணும். காத்து வறண்டு போனா, இருமும்போது தெறிக்கிற துளி காய்ஞ்சு பொடியாகி ரொம்ப நேரம் மிதக்கும். மூக்குக்குள்ளயும் வறண்டுட்டா அங்க இருக்கிற காவலும் குறைஞ்சுடும். குளிர்காலம் செய்யற வேலைய உங்க பசை ரூமுக்குள்ள நீங்களே செஞ்சு வெச்சிருக்கீங்க."

குற்றவாளி யார் என்று தேடினோமே, தோழர்களே! மழையை வைதோம், மேகத்தை வைதோம், ஈரத் தலையை வைதோம். சாளரத்தின் தாழ்ப்பாளை நம்மில் ஒருவராவது ஏறிட்டுப் பார்த்தோமா?

என்ன கேட்கிறீர்கள்? அப்படியானால் மழையில் ஆடலாமா என்றா? ஆடுங்கள் ஐயா, ஆடி முடித்துத் தலையைத் துவட்டிக்கொள்ளுங்கள். நனைவது மருந்து என்று நான் சொல்லவில்லை. சொன்னால் மருத்துவர் அம்மா என்னை மேடையிலிருந்து இறக்கிவிடுவார்.

அதன்பிறகு என்ன செய்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். தாள் கட்டுகளுக்கு நெகிழித்தாள் போர்த்தினீர்கள். மேல் சாளரங்களை மழையிலும் திறந்தே வைத்தீர்கள். சாப்பாடு கொட்டகைக்கு மாறியது. இருமல் வந்தவர் வீட்டில் இருக்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டோம் என்று முடிவு செய்தீர்கள். இந்த விதிகளை என் மனைவி எதில் எழுதி ஒட்டினார் தெரியுமா? அந்த விலகல் கடிதத்தின் பின்பக்கத்தில். நல்ல தாளை வீணாக்க அண்ணன் விடவில்லை. முதல் நாள் ஒரே ஒரு கட்டு ஓரம் சுருண்டது. அண்ணன் அன்று சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

இந்த மழைக்காலத்திலும் இருமல் வந்தது. நான்கு பேரோடு நின்றது. ஓராண்டை வைத்து உறுதி சொல்ல முடியாது என்று மருத்துவர் அம்மா தலையசைக்கிறார்; சொல்லவில்லை அம்மா. ஆனால் என் மனைவி ஒவ்வொரு மழை நாளும் வேலைக்குப் போனார். நான் ஒவ்வொரு மழை நாளும் வேலைக்குப் போனேன். அதைச் சொல்லாமல் இருக்க முடியுமா?

கொஞ்சம் பொறுங்கள். கூரையில் சத்தம் கேட்கிறதா? மழை. இதோ, தொண்டர்கள் ஓடி ஓடிச் சாளரங்களைச் சாத்துகிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சாத்துகிறார்கள். முந்நூறு பேர் இருக்கிறோம். நான்காம் வரிசையில் ஓர் இருமல் கேட்டது, ஒன்பதாம் வரிசையில் இன்னொன்று. இருமியவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என் பாதி நுரையீரலும் இதே அறையில்தான் இருக்கிறது. கைதட்டுவது எளிது, அன்பர்களே. தோள் நனையச் சம்மதிப்பவர் யார்? இன்னொருவரின் மூச்சுக்காக இருக்கையை விட்டு எழுபவர் யார்?

அண்ணன் எழுந்துவிட்டார். அவர் போகும் சாளரத்தின் அடியில்தான் நம் சங்கத்தின் ஆண்டு மலர் ஐந்நூறு பிரதி அடுக்கியிருக்கிறது, அவரே கட்டியது. புத்தகத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். மேடைக்கு வருகிறார். தலைவர் அவர்களே, தண்ணீர்க் குவளையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், அண்ணன் உங்கள் மேசை விரிப்பை உருவுகிறார். உருவிவிட்டார். புத்தகங்களைப் போர்த்திவிட்டார். தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டார். திறந்துவிட்டார்!

அதோ, அடுத்த சாளரத்தில் என் மனைவி. அடுத்ததில் ஈரச்சட்டைக்காரர், அவருக்கு இழக்க ஒன்றுமில்லை. அதோ பின்வரிசையும் எழுந்துவிட்டது. நான்கு, ஆறு, எட்டு. எல்லாம் திறந்துவிட்டன.

காற்று மேடைவரை வருகிறது. சாளர ஓரத்தில் நனைந்துகொண்டே அமர்ந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. உள்ளே வந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. இப்போது இல்லை. வணக்கம்.