சும்மா கிடந்த இடம்

கோடையில் வந்திருந்தால் தோட்டத்தின் இந்த மூலையை வெறும் மண் என்றுதான் நினைத்திருப்பீர்கள், இன்ஸ்பெக்டர். மழை பெய்ததால் இலை தெரிகிறது. கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

இது நம் மண்ணிலேயே வளரும் தரை ஆர்க்கிட். வெயில் ஏறினால் இலை கருகிவிடும், கிழங்கு மட்டும் உள்ளே தூங்கும். மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சைதான் அதற்குச் சோறு போடுகிறது. கிளறினால் போச்சு. விதை போட்டு ஏழு வருடம் காத்திருந்தேன். மூன்றாம் வருடமே மனைவி போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு வீட்டில் கேட்ட குரல் ரேடியோ மட்டும்தான்.

போன கோடையில் தங்கை வந்தாள், கணவனை இழந்தவள். என் தட்டைக்கூடக் கழுவ விடமாட்டாள். என்னை ‘அண்ணா’ என்று ஒருத்தி கூப்பிட்டது சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

ஒரு காலை கடைக்குப் போய்த் திரும்பினால், இந்த மூலையைக் கொத்திப் போட்டிருந்தாள்.

“சும்மா கிடந்த இடம்தானேண்ணா. நாலு தக்காளி வச்சிருக்கேன். தண்ணி ஊத்திட்டா போதும்.”

நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். பேசுகிற பழக்கமே விட்டுப்போயிருந்தது.

வாளியோடு அதோ அந்த நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். மூடியைத் திறந்து குனிந்தவள் வழுக்கி உள்ளே விழுந்தாள். நான் தள்ளவில்லை. தண்ணீர் அவள் உயரத்துக்கு மேல் இருந்தது. உள்ளே இருந்த குழாயைப் பிடித்துக்கொண்டு, “அண்ணா, ஏணிய எடுங்க” என்றாள். ஏணி சுவரில்தான் சாய்ந்திருந்தது.

“இதோ வரேம்மா, கொஞ்சம் இரு” என்றேன்.

வெளியே கிடக்கும் கிழங்கு வெயிலில் சீக்கிரம் வற்றிவிடும். பதினொன்றையும் பொறுக்கி, அதே மண்ணை அள்ளிப் போட்டுப் புதைத்தேன். அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கை நடுங்கியது. நடுங்கினால் கிழங்கு உடைந்துவிடும். அதனால் எழுந்துபோய்த் தொட்டியை மூடிவிட்டு வந்தேன்.

வேலை முடிந்து திறந்தபோது சத்தம் இல்லை. வழுக்கி விழுந்துவிட்டாள் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். அது பொய்யும் இல்லை.

நேற்றுக் காலை ஒன்று பூத்தது. வெள்ளை, நகத்தளவுதான். வீட்டுப் பக்கம் திரும்பி, “வந்து பாரும்மா” என்று கூப்பிட்டுவிட்டேன். யாரிடமாவது காட்ட வேண்டும்போல இருந்தது. அதனால்தான் உங்களுக்குப் போன் செய்தேன்.

ஏழு வருடம் பொறுத்தவன் நான். அவளால் கால் மணி நேரம் பொறுக்க முடியவில்லை.