ஹேண்டில் திரும்பியது, சக்கரம் திரும்பவில்லை

“ஹலோ... ஹலோ, றிஸாத் நானாவா?... நான் நிரோஷா. மேல் டிவிசன் நிரோஷா. நீலக் கலர் ரேசிங் சைக்கிள்... ஆமா, ஆமா, அதேதான்... நல்லா இல்லைங்க நானா, அதுக்குத்தான் எடுத்தேன். நீங்க பூட்டிக் குடுத்த ஸ்டெம், அதான் ஹேண்டில புடிச்சிருக்கிறது, இன்னைக்கு விடிய சுத்திக்கிச்சு.”

பலாங்கொடைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து, டவுன் சைக்கிள் கடைக்காரரோடு நிரோஷா போனில் பேசிக்கொண்டிருந்தாள். இடது முழங்கையில் கட்டுப் போட்டிருந்தது. முன்னால் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. ஹேண்டில் தனியாகக் கிடந்தது.

“சுத்திக்கிச்சுன்னா... ஹேண்டில இடது பக்கம் திருப்புறேன், ஹேண்டில் திரும்புது, சக்கரம் நேரா போகுது. தேயில ஸ்டோர் வளைவு தெரியும்ல, அந்த எறக்கத்துல. எதிர்ல கொழுந்து லொறி... இல்ல, லொறியில படல. ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள விழுந்தேன்... எலும்பு ஒடயலைன்னு டாக்டர் சொன்னாரு. நானா, சொகம் விசாரிக்கிறதெல்லாம் அப்புறம். மொதல்ல நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க.

“அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்க? இது பழைய ஜப்பான் சைக்கிள், முன்னாடி குழாய் ஒல்லி, இப்ப வர்ற ஸ்டெம்மோட வாய் பெருசு, நடுவுல அளவான புஷ் வளையம் ஒண்ணு போட்டாத்தான் நிக்கும்னு சொன்னீங்க... ஆமா... கொழும்புல இருந்து புஷ் எடுத்துப் போட்டிருக்கேன்னு சொன்னீங்களா இல்லையா?... ஹரி, சரி. அப்ப நான் கழட்டிப் பாத்தப்போ உள்ள என்ன இருந்துச்சு தெரியுமா?... புஷ் இல்ல. தகடு. டின் தகட்ட கத்திரிக்கோல்ல வெட்டி ரெண்டு சுத்து சுத்தி வெச்சிருக்கு.

“...கையில வெச்சிக்கிட்டுத்தான் பேசுறேன்... இருங்க, நான் பேசி முடிக்கிறேன். போன வருசம் புதுவருச ரேஸ்ல ரெண்டாவதா வந்தேன். இந்த வருசம் மொதலாவதா வரணும்னுதான் ஒங்ககிட்ட கொண்டாந்தேன். பொம்பள புள்ளதானே, கழட்டியா பாக்கப் போகுதுன்னு நெனச்சீங்களா?... நான் கத்தல. கத்தவே இல்ல.

“...என்ன டின்னா? டின்னுதான்... இருங்க, வெளிச்சத்துல பாக்குறேன். எழுத்து இருக்கு. பாதி வெட்டுப்பட்டிருக்கு... நானா, இது பீர் டின்னு.”

அவள் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“...இல்ல. தொழுகிற ஆளு நீங்க, ஒங்க கடைக்குள்ள பீர் டின் வராது. அது எனக்குத் தெரியும்... ஆமா... தெரியும் நானா. அப்ப யாரு?... சைக்கிள் வீட்டுலதான் நிக்குது. பூட்டிக் குடுத்ததுல இருந்து ஓடிக்கிட்டுத்தான் இருந்தேன், ஒரு ஆட்டம் இல்ல. இன்னைக்குத்தான்...

“...யாரு வந்தா?... எங்க வீட்டுக்காரரா? சசியா?... எப்ப?... நேத்து ஒங்க கடைக்கு எதுக்கு... அத மொதல்லயே சொல்லலாம்ல... சரி, நான்தான் பேச விடல. இப்ப சொல்லுங்க.

“...அதே மாதிரி புஷ் இன்னொண்ணு இருக்கான்னு கேட்டாரு... ம்... எனக்கு முதுகு வலிக்குதுன்னு ஹேண்டில ஒசத்தி வெக்கப் போயி, நெம்பினதுல புஷ் ஒடஞ்சிருச்சுன்னாரா... நீங்க என்ன சொன்னீங்க?... அதத் திரும்பச் சொல்லுங்க நானா... வேற புஷ் வாற வரைக்கும் நிரோஷாவ சைக்கிள்ல ஏற விட வேணாம், உசுருக்கு ஆபத்துன்னு. அவருகிட்டயே சொன்னீங்க. அவரும் சரின்னாரு...

“...இல்ல, லைன்லதான் இருக்கேன்.”

கீழே பாதை வளைவில் த்ரீவீல் சத்தம் கேட்டது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நானா, ஒண்ணு கேக்குறேன். அவரு எப்படி இருந்தாரு? பயந்தாரா, சும்மா கேட்டாரா?... எதுக்குன்னா... நான் ரேஸ் ஓடுறது அவருக்குப் புடிக்கல. காச்சட்ட போட்டுக்கிட்டு ஊர் முன்னால ஓடுறாளேன்னு அவரு அக்கா தெனமும் ஏத்தி விடுது... வேணும்னே செஞ்சாருன்னு சொல்லல. சொல்லல நானா. ஆனா நெனப்பு அங்கதான் போகுது... வந்துட்டாரு. வெச்சிராதீங்க, அப்படியே இருங்க.”

சசி த்ரீவீலை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். அவள் கையில் இருந்த கட்டைப் பார்த்தான். தரையில் கிடந்த ஹேண்டிலைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டான்.

“இங்க வாங்க. இது என்ன?... எனக்குத் தெரியாதுன்னு சொல்லாதீங்க, றிஸாத் நானா லைன்ல இருக்காரு... ம்... ம். ஒடஞ்சதச் சொன்னா ஏசுவேன்னு தகட்டச் சுத்தி வெச்சீங்க. இறுக்கி, இழுத்துப் பாத்தீங்க. ஆடல. அதனால நிக்கும்னு நெனச்சீங்க... நானா சொன்ன பொறகுமா?

“விடிய தேத்தண்ணி ஊத்திக் குடுத்தது யாரு? டார்ச் புடிச்சிக்கிட்டு ரோடு வரைக்கும் வந்தீங்க. கவனமா போன்னு சொன்னீங்க. அந்த நேரம் ஒரு வார்த்த சொல்ல ஒங்களுக்கு வாய் வரலையா?... அக்கா பேச்ச எடுக்காதீங்க, நான் அக்காவக் கேக்கல. ஒங்களக் கேக்குறேன். நான் ஏசுறத விட நான் விழுறது ஒங்களுக்கு லேசா தெரிஞ்சிச்சா?”

சசி அவள் முழங்கையைப் பார்க்கக் குனிந்தான். அவள் கையை இழுத்துக்கொண்டு, போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“...ஆ, நானா. இருக்கேன்... கேட்டுச்சா. கேட்டா கேட்டதுதான், மறைக்க என்ன இருக்கு... வேணும்னு செய்யலைன்னுதான் சொல்றாரு. இருக்கும். பயந்தாங்கொள்ளி அவரு, அது எனக்குத் தெரியும். ஆனா அந்தப் பயத்துக்கு லொறிக்கு முன்னால போனது நான்தானே... ஒங்கள தப்பாப் பேசிட்டேன், மனசுல வெச்சிக்காதீங்க... சரி, சரி.

“புதுப் புஷ் ரேஸுக்கு முன்னால வந்துருமா?... கை ஆறிரும். ஓடுவேன். ஓடாம எப்படி... இல்ல நானா, குடுத்து விட வேணாம். நாளைக்கு அவரு டவுனுக்கு வந்தாலும் குடுக்காதீங்க. வந்ததும் எனக்கு போன்ல ஒரு கோல் குடுங்க, சைக்கிள நானே கொண்டாறேன். என் கண்ணு முன்னாடி பூட்டுங்க... ஆமா, எனக்குத்தான். எனக்கு மட்டும் சொல்லுங்க... சரி, வெக்கிறேன்.”