அண்ணன் குடித்த உப்புத் தேநீர்

அவையை ஆளும் தலைவர் அவர்களே! அறிவு முதிர்ந்த பெரியோர்களே! அடித்தாலும் அணைத்தாலும் அன்பு குறையாத தாய்மார்களே! நான் எப்போது உளறுவேன் என்று கடைசி வரிசையில் காதைத் தீட்டிக் காத்திருக்கும் என் வகுப்புத் தோழர்களே! என் தொண்டை வறளும் என்று முன்பே தெரிந்து, இதோ இந்தத் தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் அண்ணன் அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

போதை மூளையை என்ன செய்கிறது? இதுவே எனக்குத் தந்த தலைப்பு. யார் அங்கே சிரிப்பது? "மூளையைப் பத்தி இவனா பேசுறான்?" என்றா? நண்பா, இல்லாதவனிடம் கேள். அதன் அருமையைச் சொல்வான்!

என் அண்ணன் லாரி ஓட்டுநர். என் குறும்புகளுக்கெல்லாம் முதல் பலி அவர். முதல் ரசிகரும் அவரே. ஒருமுறை அவர் தேநீரில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டேன். முகம் மாறாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தார். "பிரமாதம்! இன்னொரு டம்ளர் குடுடா" என்றார். அடுத்த நொடி அவர் வெடித்துச் சிரித்ததில், என்னவோ ஏதோ என்று அம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

அந்தச் சிரிப்பைத்தான், அவையோரே, ஒரு மாத்திரை தின்றது!

தொலைதூர ஓட்டம். தூங்காமல் இருக்க ஒரு மாத்திரை. விழிக்க வைத்தது, வியக்க வைத்தது, பிறகு விழ வைத்தது. அம்மா சோறு வைத்தால் தட்டைத் தள்ளினார். ஏனென்று கேட்டால் எரிந்து விழுந்தார். "விட்டுட்டேம்மா" என்று வாய் சொல்லும்போதே, கை சட்டைப்பையைத் துழாவியது.

கெட்டவரா அவர்? இல்லை! கல்நெஞ்சரா? இல்லவே இல்லை!

ஒரு காலை, என் பழைய ஆயுதத்தை எடுத்தேன். உப்புத் தேநீர். முழுவதும் குடித்தார். சிரிப்புக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

"அண்ணா, டீ எப்படி இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"அது உப்புண்ணா!"

"தெரிஞ்சுது. அதுக்கென்ன இப்போ?"

நாக்குக்குத் தெரிந்தது, ஐயா! மனசுக்கு எட்டவில்லை!

அம்மா அவரை மருத்துவரிடம் அழைத்துப் போனார். அந்த மருத்துவர் அம்மையார் என்னிடம் சொன்னார்: "நல்ல சாப்பாடு, நாலு பேர் பேச்சு, உன் சேட்டை, எல்லாமே மூளையோட கதவை மெதுவாத் தட்டும் தம்பி. மாத்திரை அப்படியில்ல. வெள்ளமா உள்ள பாயும். தாங்க முடியாம மூளை ஒவ்வொரு கதவா மூடிடும். 'போதும், நிறுத்து'ன்னு சொல்ற பகுதியும் தளர்ந்துபோயிடும்."

"திரும்பத் திறக்குமா டாக்டர்?"

"திறக்க வாய்ப்பு நிறைய இருக்கு. ஆனா மெதுவாத்தான். நீ தட்டுறதை நிறுத்திடாதே."

மாத்திரையை விட்டுச் சில மாதங்கள் ஆகின்றன. அண்ணன் உண்கிறார், உறங்குகிறார். சிரிப்பு மட்டும் திரும்பவில்லை. நானும் தட்டிக்கொண்டே இருக்கிறேன். "என் கதையைச் சொல்லுடா. மறைச்சு மறைச்சுத்தான் இவ்வளவு தூரம் வந்துச்சு" என்று இன்று அவரே என்னை மேடைக்கு அனுப்பி வைத்தார்.

ஆகவே கேட்கிறேன்! ஒதுக்கினால் திறக்குமா அந்தக் கதவு? உதைத்தால் திறக்குமா? ஊர் கூடி ஏசினால் திறக்குமா? மருத்துவம் ஒரு கை தட்டட்டும். நம் மனிதம் மறு கை தட்டட்டும்! திறக்கும்வரை தட்டுவோம்! தெளியும்வரை தட்டுவோம்! அவர்...

மன்னிக்க வேண்டும். தொண்டை வறண்டுவிட்டது. ஒரு வாய் தண்ணீர்...

ஐயோ! உப்பு!

அவையோரே, திரும்பிப் பாருங்கள் மூன்றாம் வரிசையை! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய... என்னண்ணா? சத்தமாச் சொல்லுங்க! "இன்னொரு டம்ளர் வேணுமாடா?" என்கிறார்!

வேணும்ண்ணா! குடம் நிறையக் கொண்டு வாங்க!

தலைவர் அவர்களே, மணியை அடிக்க வேண்டாம். என் உரையை என் அண்ணன் முடித்துவிட்டார். இந்த டம்ளரைக் கடைசிச் சொட்டுவரை குடித்து, கேட்ட உங்களுக்கும், திறந்த அந்தக் கதவுக்கும் நன்றி கூறி இறங்குகிறேன். வணக்கம்!