முட்டை தொடாத கை

சித்ரலேகா: பெரியப்பா, அந்த எலிப்பொறிய அப்புறம் வையுங்க. மொதல்ல கையக் குடுங்க.

ஆவுடைநாயகம்: இருட்டீ... தேங்காச்சில்ல மாட்டிக்கிடுதேன். இது சாதா எலி இல்ல. படிச்ச எலி.

சித்ரலேகா: எலி படிச்சிருக்கா?

ஆவுடைநாயகம்: தேவாரப் புஸ்தகத்துக்குப் பின்னால தகர டப்பா வச்சிருக்கேன்லா... மூடியத் திறந்து, பாதியத் தின்னுட்டு, திரும்ப மூடி வச்சிட்டுப் போகுது. நேத்து பொறி பட்டுன்னு அடிச்சிருக்கு, எலியக் காணும். எட்டாங்கிளாஸாவது பாஸாயிருக்கும்.

சித்ரலேகா: டப்பாவுல என்ன?

ஆவுடைநாயகம்: பொரிகடல... நீ கையத்தான கேட்ட? இந்தா.

சித்ரலேகா: விரல இந்தக் கிண்ணித் தண்ணியில நல்லா அலசுங்க. ஆங்... போதும். இதுல ஒரு சொட்டு எடுத்து...

ஆவுடைநாயகம்: தினமும் விடியக் கருக்கல்ல என் கையக் கழுவின தண்ணிய லேபுக்குக் கொண்டுபோவ. இன்னைக்கு லேபே வீட்டுக்கு வந்திட்டு. டார்ச் பேட்டரி, ஒரு முள்ளு மீட்டரு, நகத்தளவு கண்ணாடி. இதுக்கா பாளையங்கோட்டை பஸ்ல இத்தன வருசம் தொங்கின?

சித்ரலேகா: கண்ணாடி மேல கருப்பா ஒரு படலம் தெரியுதுல்லா? பிளாஸ்டிக் மாதிரிதான், ஆனா கரண்ட் ஓடும். அதான் டிரான்சிஸ்டர்.

ஆவுடைநாயகம்: பாட்டு பாடுமா?

சித்ரலேகா: பாடாது. முட்டையில உள்ள புரதத்த மட்டும் புடிக்கிற கொக்கிய அதுமேல ஒட்டியிருக்கேன். புரதம் வந்து மாட்டிச்சுன்னா கரண்ட் குறையும், முள்ளு இறங்கும். மத்தவங்க சாயத்த ஒட்டி, அடையாளம் கட்டிவிட்டுத்தான் தேடுவாங்க. எனக்கு அந்த அடையாளமே வேண்டாம்.

ஆவுடைநாயகம்: புரிஞ்சிட்டு. கல்யாணப் பந்தியில யாரு நெத்தியிலயும் சீட்டு ஒட்ட வேண்டாம். பெஞ்சு முனகிச்சுன்னா அம்பாசமுத்திரத்துச் சம்பந்தி உக்காந்திட்டாருன்னு அர்த்தம்.

சித்ரலேகா: கிட்டத்தட்ட... ஐயோ! இறங்குது பெரியப்பா! இன்னைக்கும் இறங்குது!

ஆவுடைநாயகம்: இறங்கினா நல்லதுதான?

சித்ரலேகா: உங்க கைக்கு இறங்கக் கூடாது! முட்டை தொட்ட கைக்குத்தான் இறங்கணும். தொடாத கைக்குச் சும்மா நிக்கணும். சென்மத்துக்கும் முட்டை தொடாத கை வேணும்னுதான திருமுறை மன்றத் தலைவரான உங்களப் புடிச்சேன்!

ஆவுடைநாயகம்: நல்ல ஆளத்தான் புடிச்சிருக்க.

சித்ரலேகா: இது வேர்வைக்கெல்லாம் இறங்குது, குப்பைன்னுட்டாரு எங்க கைடு காந்திமதிநாதன் சார். இன்னைக்குப் பதினோரு மணிக்குக் கடைசியா பாப்பாரு. சரியா வரலேன்னா வேற ஆராய்ச்சி... முதல்ல இருந்து.

ஆவுடைநாயகம்: அழாதட்டீ. காரணம் இருக்கும். போன மாசம் திருச்செந்தூர் பஸ்ல, பக்கத்துல ஒருத்தன் முட்டைக் கூடையோட உக்காந்தான்...

சித்ரலேகா: தொட்டியளா?

ஆவுடைநாயகம்: தொடல. ஸ்ரீவைகுண்டம் வளைவுல வண்டி குலுங்கின குலுக்குல ஒரு முட்டை பொரிஞ்சு, குஞ்சு என் மடியில ஏறி உக்காந்திட்டு. கண்டக்டர் அதுக்கும் அரை டிக்கெட் கிழிச்சான்.

சித்ரலேகா: பெரியப்பா...

ஆவுடைநாயகம்: இல்லன்னா ஆத்துத் தண்ணி. பாபநாசத்துல ஒரு வாத்து தும்மிச்சுன்னா நமக்கு இங்கன வந்து சேந்திரும்.

சித்ரலேகா: கிண்ணியில இருக்கதும் அதே ஆத்துத் தண்ணிதான். வெறுமன விட்டா முள்ளு அசையல. விளையாடாதிய. என் மெஷின்தான் பொய் சொல்லுது. அவ்வளவுதான்... இதப் பரண்ல தூக்கிப் போடுதேன்.

ஆவுடைநாயகம்: பரண்லயா? இருட்டீ... அது பொய் சொல்லலேன்னு வச்சுக்கோ.

சித்ரலேகா: அப்ப?

ஆவுடைநாயகம்: பையப் பேசு. உங்க பெரியம்மை அடுப்படியில இருக்கா.

வடிவம்மாள்: அங்கன என்ன கிசுகிசு?

ஆவுடைநாயகம்: தேவாரம் சொல்லிக் குடுக்கேன்!

சித்ரலேகா: பெரியம்ம, விரல்ல கட்டோட நீங்க ஏன் தோசை சுடுதிய? நான் வரட்டா?

வடிவம்மாள்: அருவாமணை கீறினதுதான். நீ உன் சோலியப் பாரு.

ஆவுடைநாயகம்: ஏட்டீ... டப்பாவுல பொரிகடல இல்ல. மக்ரூன்.

சித்ரலேகா: தூத்துக்குடி மக்ரூனா!

ஆவுடைநாயகம்: பைய! தொம்மை அண்ணாச்சி பேக்கரியில இருந்து வருது. எந்திரிச்சதும் ஒண்ணு வாயில போட்டாத்தான் தேவாரம் ராகத்தோட வருது. முந்திரியும் சீனியும்தான...

சித்ரலேகா: முட்டை வெள்ளைய நுரைக்க அடிச்சாத்தான் மக்ரூனே!

ஆவுடைநாயகம்: எனக்கு எப்படித் தெரியும்? என்ன போடுதியன்னு தொம்மைகிட்ட நான் கேட்டதே இல்ல. கேட்டா சொல்லித் தொலைச்சிருவாருல்லா.

சித்ரலேகா: போங்க! சோப்பு போட்டு நகக்கண்ணெல்லாம் தேய்ச்சுக் கழுவுங்க. அப்புறம் அடிபம்புல ரெண்டு குடம் அடிங்க.

ஆவுடைநாயகம்: தண்டனையா?

சித்ரலேகா: கை வேர்க்கணும்! வேர்வையும் கழுவிப் போயிட்டுன்னு சார் மடக்கக் கூடாதுல்லா. ஓடுங்க!

ஆவுடைநாயகம்: ...இந்தா. தலைவர் வேர்வை. சொட்ட விடு.

சித்ரலேகா: கண்ணாடியப் புதுசா மாத்திட்டேன், கிண்ணியிலயும் புதுத் தண்ணி. விரல அலசுங்க... ஆங், விட்டாச்சு.

ஆவுடைநாயகம்: ஏட்டீ, மூச்சு விடு.

சித்ரலேகா: நிக்குது... பெரியப்பா, நிக்குது! அதே கை, அதே வேர்வை, முள்ளு அசையல! இத்தன நாளும் அது சரியாத்தான் சொல்லியிருக்கு! அடுப்புல வெந்த முட்டை, விரல்ல ஒட்டின பொடி... அதையும் புடிச்சிருக்கு!

ஆவுடைநாயகம்: அப்ப உன் ஆராய்ச்சியக் காப்பாத்துனது மக்ரூன். சார்கிட்ட சொல்லும்போது என் பேரு வேண்டாம். 'ஒரு சிவனடியார்'னு சொல்லு.

சித்ரலேகா: சாருக்கு ஒரு கை போதாது. துணைக்கு இன்னொரு முட்டை தொடாத கையும் பாத்திருவோம். பெரியம்ம! இங்கன வந்து விரல நனையுங்க!

ஆவுடைநாயகம்: அவ கைக்கு என்ன கொறச்சல்? வெங்காயத்தையே வேண்டாவெறுப்பாத்தான் தொடுவா. முள்ளு அப்படியே செல மாதிரி நிக்கும் பாரு.

வடிவம்மாள்: என் கை வேண்டாம் தாயி, உன் முள்ளு தரைக்கே இறங்கிரும்... ஏங்க, அந்தப் பொறிய எடுத்துப் பரண்ல போடுங்க. விரலக் கீறினது அருவாமணை இல்ல.