சும்மா கிடக்கும் இடம்

மேடையில் வீற்றிருக்கும் அறக்கட்டளைத் தலைவர் காசிராஜன் அவர்களே, செயலாளர் முத்துசெல்வம் அண்ணாச்சி அவர்களே, தீப்பெட்டி ஆலை உரிமையாளர்களே, கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே, கணவரை இழந்து முன்வரிசையில் கண் வீங்கி உட்கார்ந்திருக்கும் தங்கச்சி ஜெயப்பிரியா அவர்களே! வணக்கம்.

நான் பூவனலிங்கம். இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் நம் ரத்த வங்கியின் பொறுப்பாளன். என் பின்னால் பெரிய திரை கட்டியிருக்கிறீர்கள். மறைந்த கணினிப் பொறியாளர் பாலகணேஷ் அவர்களின் வாழ்க்கைப் படம் அதில் ஓடும் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். ஓடவில்லை. ஓடவும் ஓடாது! ஏன் என்று சொல்லத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன். அழ வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்று ஆத்திரம்தான் வருகிறது.

வாசலில் பிளக்ஸ் வைத்திருக்கிறீர்கள். ‘சேவைச் செம்மல் பாலகணேஷ்’! உயிரோடு இருந்தபோது அவரை எப்படிக் கூப்பிட்டீர்கள்? கிறுக்கன் என்று சொல்லவில்லையா? கணினியைப் பூட்டி வைத்துக்கொண்டு படம் காட்டுகிறான் என்று சொல்லவில்லையா? அவர் ஒன்றும் சாது இல்லை. முணுக்கென்றால் கோபம் வரும். என்னோடும் மாதம் ஒரு சண்டை போட்டார். ஆனால் அந்த மனிதர் எதற்காகச் சண்டை போட்டார் என்று இந்த மேடையில் எவராவது கேட்டதுண்டா?

ஒரு காலி இடத்துக்காகச் சண்டை போட்டார். ஆமாம், காலி இடம்!

கீழே ரத்த வங்கியின் கணினியில் இருப்பது எஸ்.எஸ்.டி. என்கிற புதுவகை டிஸ்க். பழைய டிஸ்க்கில் எழுதியதன் மேலேயே மறுபடி எழுதலாம். இதில் முடியாது. எழுதிய இடத்தைத் துடைத்தால்தான் திரும்ப எழுதலாம். நாம் ஒன்றை அழித்தால், ‘இந்த இடம் இனி வேண்டாம்’ என்று விண்டோஸ் அதற்குச் சொல்ல வேண்டும். அதற்கு டிரிம் என்று பேர். சொல்லிவிட்டால், வேலை இல்லாத நேரத்தில் அது தானே துடைத்துத் தயாராக வைத்துக்கொள்ளும். துடைக்கவும் மாற்றி வைக்கவும் அதற்குள்ளே கொஞ்சம் இடம் காலியாக இருக்க வேண்டும். உங்கள் கிடங்கில் பண்டல் அடுக்கும்போது நடுவில் ஆள் போக வழி விடுகிறீர்களே, அங்கே ஏன் அடுக்கவில்லை? அடைத்துவிட்டால் ஒரு பண்டலைக்கூட வெளியே எடுக்க முடியாது. பாலகணேஷ் அவர்கள் சொன்னதும் அவ்வளவுதான்.

அதனால்தான் இந்தக் கட்டடத்திலேயே அந்த ஒரு கணினி வேகமாக ஓடியது. வேகமாக ஓடியதுதான் தப்பாகப் போயிற்று! உடனே எல்லாருக்கும் அதன் மேல் கண். செயலாளர் ஒரு நாள் தேரோட்ட வீடியோவோடு வந்து நின்றார்.

“சும்மாதான கெடக்கு அந்த எடம்? இதைப் போட்டா என்ன கொறஞ்சிரும்?”

“ஒங்க வீட்டு வாசலும் சும்மாதான் கெடக்கு அண்ணாச்சி. நாலு லோடு தீக்குச்சியை எறக்கட்டுமா?” என்றார் பாலகணேஷ் அவர்கள்.

உட்காருங்கள் அண்ணாச்சி, நடந்ததைத்தானே சொல்கிறேன். அதற்குப் பிறகு உங்கள் மருமகன் வந்து, சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று வாராந்தர டிரிம்மை நிறுத்தினார். பழைய டிஸ்க்குக்குச் செய்கிற அடுக்கு வேலையை இதற்குச் செய்தார். எஸ்.எஸ்.டி.க்கு அதனால் தேய்மானம்தான் மிச்சம். பாலகணேஷ் அவர்கள் வந்து பார்த்துக் கத்திய கத்தலில் பக்கத்துத் தெருவே திரும்பிப் பார்த்தது. எல்லாவற்றையும் சரிசெய்து, ரத்தக் கணக்கைத் தவிர வேறொன்றும் நுழையாமல் பூட்டுப் போட்டார். அந்தப் பூட்டுக்காகத்தான் அவர் உங்களுக்குக் கிறுக்கன் ஆனார்.

போன வாரம் மணியாச்சி ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அவர் சாம்பல் ஆறுவதற்குள் என்ன செய்தீர்கள்? அதே மருமகனை வைத்துப் பூட்டை எடுத்தீர்கள்! எதற்கு? அவருடைய இரங்கல் படத்தைப் போட்டு வைக்க! பாட்டு, பூ மழை, ஊரிலிருந்து வந்த அத்தனை புகைப்படம், எல்லாவற்றையும் ஒரே படமாகக் கோத்து மூச்சு முட்ட அதில் அடைத்தீர்கள்.

இன்று காலை ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து சுடலைக்கண்ணு என்பவர் டாக்டர் சீட்டோடு ஓடி வந்தார். மகளுக்குப் பிரசவம், ரத்தப்போக்கு நிற்கவில்லை. எளிதில் கிடைக்காத வகை. ரத்தப் பை எங்கள் குளிர்பெட்டியில் இருக்கிறது. ஆனால் அதன் பரிசோதனை விவரம் கணினிக்குள் இருக்கிறது. ஒத்துப் பார்க்காமல் கொடுக்க முடியுமா? கவுன்டரில் இருக்கும் தங்கமாரி தட்டுகிறாள், தட்டுகிறாள், திரையில் வட்டம் சுற்றுகிறது.

“என் மவ அங்கன ரத்தமில்லாம கெடக்கா. இங்கன வட்டம் சுத்துதுன்னு சொல்லுதீயளே, நீங்கள்லாம் மனுசங்கதானா?” என்று கத்தினார் அந்த மனிதர். பதில் சொல்லுங்களேன் யாராவது!

உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரு நூல் இடம் இல்லை. உடனே ஜெயப்பிரியாவுக்குப் போன் போட்டேன். அந்தப் படத்தில் பாலகணேஷ் அவர்கள் மகளோடு பேசிச் சிரிக்கிற ஒரு காட்சி உண்டு. அது இருந்த பழைய போன் கெட்டுப்போய்விட்டது. மிச்சம் இருந்தது இந்தப் படத்தில்தான். பென்டிரைவில் ஏற்றிவிட்டு அழிக்கலாமே என்கிறீர்களா? முயன்றேன். அதற்கே அந்தக் கணினி திணறியது. வாசலில் ஆள் நிற்கிறார்.

விவரத்தைச் சொன்னேன். தங்கச்சி கேட்டது: “அந்த ஆளு இன்னும் நிக்காரா அண்ணாச்சி?”

“நிக்காரும்மா.”

“அழிச்சிருங்க. அவிய இருந்தா என்னையக் கேட்டிருக்கக்கூட மாட்டாவ.”

அழித்தேன். டிரிம் கொடுத்தேன். வட்டம் நின்றது, விவரம் வந்தது, பை போனது. இந்த மேடை ஏறும் முன்னால் சுடலைக்கண்ணு போன் செய்தார். மகள் கண் விழித்துவிட்டாள். செயலாளர் அண்ணாச்சி, படத்தை மீட்டுத் தரச் சொல்லி டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓடாதீர்கள். பழைய டிஸ்க் என்றால் ஒருவேளை கிடைக்கும். டிரிம் கொடுத்த இதில் கிடைக்காது.

இரங்கல் தீர்மானம் வாசிக்கப் போகிறீர்கள். அதற்கு முன் என் தீர்மானத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டை மறுபடி போட்டாயிற்று. கடவுச்சொல் எனக்கும் தங்கமாரிக்கும் மட்டும்தான் தெரியும். தலைவரே வந்து கேட்டாலும் கிடைக்காது. வாராவாரம் டிரிம் நடந்ததா என்று அவள் பார்ப்பாள். அவள் பார்த்தாளா என்று நான் பார்ப்பேன். என்னையும் கிறுக்கன் என்று சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை.

எல்லாரும் எழுந்து நில்லுங்கள். தலையைக் குனிய வேண்டாம். அந்த வெள்ளைத் திரையை நன்றாகப் பாருங்கள். தங்கச்சியிடம் மிச்சமிருந்த அவருடைய சிரிப்பு போன இடம் அது. சும்மாதான் கிடக்கிறது.

கிடக்கட்டும்.